முகம் மூளையை எட்டுகிறது: ஆட்டிசமும் உணர்ச்சி அறிதலும்

ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கான பயிற்சி மையங்களில் பெட்டி நிறைய ஃப்ளாஷ் கார்டுகள் இருக்கும். சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம், பயந்த முகம். சிறப்பாசிரியர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். சிரிக்கும் முகத்துக்குக் குழந்தை உடனே "ஹேப்பி" என்று சொல்லிவிடும். பயந்த முகத்தைப் பார்த்து "சர்ப்ரைஸ்" என்று சொல்லும். அல்லது ஒன்றும் சொல்லாமல் கார்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும். குறிப்பேட்டில் ஒரு வரி ஏறும்: உணர்ச்சிகளை அடையாளம் காணவில்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது அந்த வரி மேலும் கடுமையாகி, "இவனுக்கு அடுத்தவங்க மனசு புரியாது" என்றாகிவிடும்.

ஒரு முகத்தைப் பார்ப்பதற்கும் அதிலுள்ள உணர்ச்சியின் பெயரைச் சொல்வதற்கும் இடையே பல படிகள் இருக்கின்றன. முகத்தின் எந்தப் பகுதியில் கண் நிற்கிறது என்பது முதல் படி. பார்த்ததை மூளை குறித்துக்கொள்வது இரண்டாவது. அது பார்ப்பவரின் உடலுக்குள் ஓர் உணர்வைக் கிளப்புவது மூன்றாவது. அந்த உணர்வுக்கான சொல்லைக் கண்டெடுப்பது நான்காவது. கேட்டவர் காத்திருக்கும் நேரத்துக்குள் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்வது ஐந்தாவது. ஒரு தவறான பதில் இவற்றில் எந்தப் படியில் சறுக்கியது என்பதைக் கார்டு காட்டாது. ஆட்டிச நிலையாளரின் மூளை முகபாவங்களை எப்படிக் கையாள்கிறது என்று சுமார் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளை இந்தக் கேள்வியோடு படித்தால், முகம் அவர்களுடைய மூளைக்குள் போய்ச் சேர்வதே இல்லை என்ற பழைய எண்ணம் நிற்க இடமில்லாமல் போவதைக் காணலாம்.

பழைய எண்ணம் பிறந்த விதம்

1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறு தொடங்குகிறது. மனிதரோடு உணர்ச்சித் தொடர்பு கொள்ளும் இயல்பான ஆற்றல் இக்குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே வாய்க்கவில்லை என்று அவர் கருதினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியதிலும் பார்வையின் வேறுபாடு முக்கிய இடம் பெற்றது. ஆக, முகமும் கண்ணும் தொடக்கத்திலேயே ஆட்டிசத்தின் அடையாளங்களாகிவிட்டன.

இதைச் சோதித்துப் பார்க்கும் கருவி உளவியலின் இன்னொரு கிளையிலிருந்து வந்தது. 1960-களின் பிற்பகுதியில் பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் ஆய்வு செய்த பால் எக்மன், மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் எல்லா மனிதருக்கும் பொதுவான முகபாவங்கள் என்றார். 1976-இல் வாலஸ் ஃபிரீசனுடன் சேர்ந்து 110 கறுப்பு வெள்ளைப் படங்களின் தொகுப்பை வெளியிட்டார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகின் ஆய்வுக்கூடங்களில் இந்தப் படங்களே அளவுகோலாக இருந்தன.

தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியல் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டில் இந்த ஆறும் அடங்கிவிடும்: உவகை, அழுகை, வெகுளி, அச்சம், மருட்கை, இளிவரல். நகையும் பெருமிதமும் அங்கே கூடுதலாக உள்ளன. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். நம் மரபு இதை முகப்பாடு என்று சொல்லவில்லை, மெய்ப்பாடு என்றது. உள்ளத்து உணர்வு மெய் முழுவதிலும் தோன்றுவது அது. ஆய்வுக்கூடமோ உடலையும் குரலையும் சூழலையும் வெட்டியெறிந்துவிட்டு, உறைந்து நின்ற முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 1986-இல் பீட்டர் ஹாப்சனின் ஆய்வு முதலாகத் தொடர்ந்து வந்த பல சோதனைகளில் ஆட்டிச நிலையாளர் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள் என்பதைப் படிக்கும்போது, எதில் குறைந்த மதிப்பெண் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூளையில் முகத்தின் பாதை

முகத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையைத் தொட்டபின் செய்தி பின்மண்டைக்குப் போகிறது. அங்கிருந்து, நெற்றிப்பொட்டுக்கு உள்ளேயுள்ள பொட்டு மடலின் அடிப்பகுதிக்கு வருகிறது. அங்கே முகங்களைக் கண்டதும் தனிச் சிறப்போடு இயங்கும் பகுதி ஒன்று உண்டு. 1997-இல் நான்சி கான்விஷரும் உடன் ஆய்ந்தவர்களும் அதற்கு 'ஃபியூசிஃபார்ம் முகப்பகுதி' என்று பெயரிட்டார்கள். முகம் யாருடையது என்று அறிவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. மாறிக்கொண்டே இருக்கும் கூறுகளை, அதாவது பார்வையின் திசை, உதட்டின் அசைவு, முகபாவம் ஆகியவற்றை, பொட்டு மடலின் மேற்பள்ளம் கவனிக்கிறது. பொட்டு மடலின் உள்ளே வாதுமைப் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, இந்த முகத்தால் எனக்கு என்ன நேரும் என்பதை எடைபோடுகிறது. ஆபத்தா, நட்பா, கவனிக்கத் தக்கதா என்று உடலை உஷார்ப்படுத்துவது அதன் வேலை.

இவற்றின் வேகத்தையும் அளக்க முடிகிறது. முகம் கண்ணில் பட்டு ஏறத்தாழ 170 மில்லி நொடியில் தலையின் பின்பக்கவாட்டில் ஒரு மின் அலை எழுகிறது. 1996-இல் ஷ்லோமோ பென்டின் குழு விவரித்த அந்த அலைக்கு 'என்170' என்று பெயர். 2004-இல் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்ட் குழு, ஆட்டிச நிலையாளரிடம் இந்த அலை சற்றுத் தாமதமாக எழுவதைக் கண்டது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் அதையே சொன்னது. தாமதம் மில்லி நொடிகளில்தான். ஆனால் அலை எழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தொடக்ககால மூளைப் படங்கள் மிகக் கறாரான முடிவைத் தந்தன. 1999-இல் சைமன் பாரன்-கோஹன் குழு, கண்களை மட்டும் காட்டி மனநிலையைக் கேட்டபோது, ஆட்டிசம் இல்லாதவர்களின் அமிக்டலா இயங்கியது; ஆட்டிச நிலையாளரிடம் அந்த இயக்கம் தெரியவில்லை. 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஷுல்ட்ஸ் குழு, முகங்களைப் பார்க்கும்போது ஃபியூசிஃபார்ம் பகுதியும் குறைவாகவே இயங்குவதாகக் கண்டது. முகத்துக்கான இயந்திரமே பழுது என்ற விளக்கம் பாடநூல்களில் ஏறியது இப்படித்தான்.

கண் எங்கே நின்றது?

அந்த விளக்கம் ஓர் எளிய கேள்வியைக் கேட்க மறந்திருந்தது. ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர் முகத்தின் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

2002-இல் ஆமி க்ளின், வாரன் ஜோன்ஸ் முதலியோர் 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வெர்ஜீனியா வுல்ஃப்?' என்ற 1966-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தின் காட்சிகளைக் காட்டி, பார்ப்பவரின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். கணவனும் மனைவியும் விருந்தாளிகள் முன் குத்திக் குதறிக்கொள்ளும் படம் அது. ஆட்டிசம் இல்லாத இளைஞர்களின் பார்வை பாத்திரங்களின் கண்களிலேயே தாவிக்கொண்டிருந்தது. ஆட்டிச நிலையில் உள்ளவர்களின் பார்வை வாயிலும் உடலிலும் அறையிலுள்ள பொருள்களிலும் அதிகம் தங்கியது.

கண்ணைப் பார்க்காவிட்டால் என்ன இழப்பு? அச்சத்தின் அடையாளம் பெரும்பாலும் அகன்ற கண்களில்தான் இருக்கிறது. மகிழ்ச்சியை வாய் ஒன்றே சொல்லிவிடும். அமிக்டலா இருபுறமும் அழிந்துபோன ஒரு பெண்மணியை ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழு நெடுநாள் ஆராய்ந்தது. அவருக்கு ஆட்டிசம் இல்லை. ஆனால் பயந்த முகத்தை அடையாளம் காண முடியாது. அவர் பிறர் கண்களைப் பார்ப்பதே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. 2005-இல் "கண்களைப் பாருங்கள்" என்று சொன்னதும் அச்சத்தை மற்றவர்களைப் போலவே அடையாளம் கண்டார். அறிவது போலவே பார்ப்பதும் ஒரு தனி வேலை என்பதை இது காட்டியது.

ஆட்டிச ஆய்வுகளிலும் அதே திருப்பம் வந்தது. 2004-இல் நூஷின் ஹாஜிகானி குழு, படத்தில் முகத்தின் நடுவே ஒரு சிறு குறியை வைத்து அதைப் பார்க்கச் சொன்னது. ஆட்டிச நிலையாளரின் ஃபியூசிஃபார்ம் பகுதி வழக்கம்போல் இயங்கியது. அதே ஆண்டு கேரன் பியர்ஸ் குழுவின் ஆய்வில், பழகியவர்களின் முகங்களைக் கண்டபோதும் அப்பகுதி நன்றாகவே இயங்கியது. 2005-இல் வெளியான இன்னோர் ஆய்வு ஒரே ஒரு சிறுவனைப் பற்றியது. மனித முகங்களுக்கு அசையாத அவனுடைய ஃபியூசிஃபார்ம் பகுதியும் அமிக்டலாவும், அவன் உயிராக நேசித்த 'டிஜிமான்' கார்ட்டூன் பாத்திரங்களைப் பார்த்ததும் இயங்கத் தொடங்கின. பழுதான இயந்திரம் என்று சொல்லப்பட்டது, பிடித்ததைக் கண்டதும் ஓடியது.

கண் ஏன் சுடுகிறது?

அப்படியானால் கண்களை ஏன் தவிர்க்கிறார்கள்? அக்கறையின்மை என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட பதில். 2005-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிம் டால்ட்டன், ரிச்சர்ட் டேவிட்சன் முதலியோர் மூளைப் படத்தையும் கண்ணசைவையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தபோது நேர்மாறான ஒன்று தெரிந்தது. ஆட்டிச நிலையாளர் கண்களைப் பார்த்த நேரம் கூடக்கூட அவர்களுடைய அமிக்டலாவின் கிளர்ச்சியும் கூடியது. 2017-இல் ஹாஜிகானி குழு மீண்டும் ஆராய்ந்து, கண் பகுதியையே பார்க்கும்படி கட்டுப்படுத்தினால் அமிக்டலா உள்ளிட்ட ஆழ்மூளைப் பாதை அவர்களிடம் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடைகிறது என்று உறுதிப்படுத்தியது. நேரடிப் பார்வை அவர்களுக்குக் கூசுகிறது, சிலருக்குச் சுடுகிறது. அதே ஆண்டு கனடாவில், ஆட்டிச நிலையாளர் இணையத்தில் எழுதிய சொந்த அனுபவங்களைத் தொகுத்தவர்களும் இதையே படித்தார்கள்: பதற்றம், உடல் உபாதை, யாரோ உள்ளே நுழைந்துவிட்டது போன்ற உணர்வு.

பிறந்தது முதலே இப்படியா என்றால், அப்படியும் சொல்ல முடியவில்லை. ஜோன்ஸும் க்ளினும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகள் இரண்டு மாத வயதில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்தான் அந்தப் பார்வை குறையத் தொடங்கியது. தொடர்புக்கான ஆற்றலே பிறப்பில் இல்லை என்ற கானரின் கணிப்போடு இது பொருந்தவில்லை.

மூளைக்குத் தெரிந்ததும் வாய் சொன்னதும்

நம் ஐந்து படிகளில் இரண்டாவதை நேராகத் தொட்ட ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ லெர்னரும் உடன் ஆய்ந்தவர்களும், முகபாவங்களைப் பார்ப்பவர்களின் தலையில் மின்முனைகள் பொருத்தி மூளை அலைகளைப் பதிவு (இ.இ.ஜி.) செய்தார்கள். அந்தப் பதிவை மட்டும் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலுக்குக் கொடுத்து, இவர் இப்போது எந்த உணர்ச்சியைப் பார்த்தார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பார்த்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

ஆட்டிச நிலையாளர் வாயால் தந்த பதில்களில் தவறு அதிகம் இருந்தது. ஆனால் அவர்களுடைய மூளை அலைகளைப் படித்த நிரல், ஆட்டிசம் இல்லாதவர்களின் அலைகளைப் படித்த அதே துல்லியத்தோடு உணர்ச்சியைச் சொல்லிவிட்டது. அதாவது கோபம் கோபமாகவே, அச்சம் அச்சமாகவே அவர்கள் மூளையில் பதிவாகியிருந்தது. சறுக்கல் அதற்குப் பிந்தைய படிகளில் நிகழ்ந்திருக்கிறது.

எல்லாச் சான்றுகளும் ஒரே பக்கம் சாய்வதில்லை. அதே 2022-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கோஹித்திஜ் கர், குரங்கினப் பார்வை மண்டலத்தைப் போன்ற கணினி மாதிரிகளை வைத்து ஆராய்ந்தார். எந்தப் படத்துக்கு எவர் என்ன சொன்னார் என்று படம் படமாக ஒப்பிட்டபோது, மாதிரியின் பதில்கள் ஆட்டிசம் இல்லாதவர்களின் பதில்களோடு அதிகம் ஒத்துப்போயின. பொட்டு மடலின் கீழ்ப்பகுதியை ஒத்த அடுக்கில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்ததால், வேறுபாட்டின் ஊற்று அங்கே இருக்கலாம் என்பது அவருடைய கருதுகோள். இரு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் எனக்குத் தோன்றுவது இது: செய்தி போய்ச் சேர்கிறது, அது எழுதப்படும் கையெழுத்து வேறாக இருக்கலாம்.

சொல் கிடைக்காத உணர்வு

மூன்றாம், நான்காம் படிகளைப் பற்றிய மிக முக்கியமான விளக்கம் ஆட்டிச ஆய்வுக்கு வெளியே உருவானது. தன் உள்ளே எழுவது என்ன உணர்ச்சி என்று இனங்கண்டு பெயரிட இயலாத நிலைக்கு, 1970-களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 'அலெக்சிதைமியா' என்று பெயர் வைத்தார். வயிறு கலங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்பது தெரியும். அது பயமா, கோபமா, பசியா என்பது தெளியாது. ஆட்டிசம் இல்லாதவர்களில் சுமார் 20-இல் ஒருவருக்கு இந்நிலை உண்டு என்றும், ஆட்டிச நிலையாளரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு என்றும் 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கணித்தது.

2013-இல் ரிச்சர்ட் குக், ஜெஃப் பேர்டு முதலியோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். இரு குழுவினரிடமும் அலெக்சிதைமியாவின் அளவு சமமாக இருக்கும்படி ஆட்களைத் தேர்ந்தார்கள். முகபாவம் அறிவதில் ஏற்பட்ட தடுமாற்றம் அலெக்சிதைமியாவோடு கூடிக் குறைந்தது, ஆட்டிசத்தோடு கூடவில்லை. இரண்டு முகபாவங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறிவதில் அலெக்சிதைமியா உள்ளவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. இது இன்ன உணர்ச்சி என்று சொல்லும் இடத்தில்தான் சிக்கல். தன் உணர்வுக்குப் பெயர் தெரியாதவர் பிறர் உணர்வுக்கு எங்கிருந்து பெயர் எடுப்பார்?

ஆட்டிச நிலையாளர் அனைவரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் இதனால் விளங்கும். மிர்கோ உல்யாரெவிச், அன்டோனியா ஹாமில்டன் இருவரும் 2013-இல் 48 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து எடைபோட்டார்கள். ஆட்டிச நிலையாளருக்குப் பொதுவாகச் சிரமம் இருப்பது உண்மைதான். ஆனால் சாதகமான முடிவுகளே அச்சேறும் சாய்வைச் சரிக்கட்டியதும் அந்தச் சிரமத்தின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மகிழ்ச்சியை அறிவதில் வேறுபாடு மிகச் சொற்பம். அச்சத்தை அறிவதில் அதைவிட அதிகம். சிரிப்புக்கு உடனே பதில் சொல்லி, பயத்தில் தடுமாறிய அந்த ஃப்ளாஷ் கார்டுக் குழந்தையை இந்த எண்களில் பார்க்க முடிகிறது.

அறியாமை இரு பக்கமும்

முகக்குறிப்பு என்பது இருவருக்கு நடுவே நடப்பது. ஆனால் ஆய்வுகள் நெடுங்காலம் ஒருவரை மட்டுமே தேர்வறையில் உட்காரவைத்தன. ஆட்டிச நிலையாளரான பிரிட்டிஷ் அறிஞர் டேமியன் மில்டன் 2012-இல் இதைச் சுட்டிக்காட்டி, 'இரட்டைப் புரிதல் சிக்கல்' என்ற கருத்தை முன்வைத்தார். இரு வகை மனிதர் சந்திக்கும்போது புரியாமை இரு திசையிலும் ஓடுகிறது. பழி மட்டும் ஒரு திசையில் சேர்கிறது என்பது அவர் வாதம்.

சோதனைகள் இதற்கு வலு சேர்த்தன. 2016-இல் எலிசபெத் ஷெப்பர்டு குழு, நகைச்சுவை சொன்னபோதும் காத்திருக்க வைத்தபோதும் பாராட்டியபோதும் மனிதர்கள் காட்டிய எதிர்வினைகளைப் படம் பிடித்து, என்ன நடந்திருக்கும் என்று பார்வையாளரிடம் கேட்டது. ஆட்டிச நிலையாளரின் முகங்களைப் படிப்பதில் பார்வையாளர்கள் அதிகம் தடுமாறினார்கள். அதே ஆண்டு ரெபெக்கா புரூவர் குழு கண்டதும் இதை ஒட்டியதே. ஆட்டிச நிலையாளரின் முகபாவங்கள் ஆட்டிச நிலையாளருக்கும் எளிதில் பிடிபடவில்லை. ஒவ்வொருவர் முகமும் தனக்கென ஒரு மொழி வைத்திருக்கிறது. பழகித்தான் கற்க வேண்டும்.

2017-இல் நோவா சாசன் குழு நடத்திய ஆய்வு மனத்தை உறுத்துவது. ஆட்டிச நிலையாளரைச் சில நொடிகள் பார்த்த, கேட்ட மட்டிலேயே, இவரோடு பழக விருப்பமில்லை என்று மதிப்பிட்டார்கள் மற்றவர்கள். அதே மனிதர் பேசிய சொற்களை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு மறைந்துவிட்டது. குறிப்பறியாதவர்கள் என்று நாம் யாரைச் சொல்லிவந்தோமோ, அவர்களுடைய குறிப்பை நாம் அறிந்ததே இல்லை.

நம் மையங்களிலும் வீடுகளிலும்

இந்தியாவில் ஆட்டிசத்தை அளவிட 2009-இல் உருவான ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. அவற்றில் முதலாவது, கண்பார்த்துப் பழகுவது குறைவாக இருப்பது. ஊனச் சான்றிதழுக்கும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் பலன்களுக்கும் இத்தகைய மதிப்பீடு தேவை. கண்டறிவதற்கான அடையாளமாக அது பயன்படட்டும். ஆனால் அடையாளம் ஒன்று, சிகிச்சையின் இலக்கு வேறொன்று. "ஐ கான்டாக்ட் வந்துடுச்சா?" என்பதே பெற்றோரின் முதல் கேள்வியாகவும், குழந்தையின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவதே பயிற்சியாகவும் பல இடங்களில் நடக்கிறது. கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும்போது அந்தச் சின்ன மூளைக்குள் என்ன கொழுந்துவிடுகிறது என்பதை டால்ட்டன், ஹாஜிகானி குழுக்களின் 2005, 2017 ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தத் தவிப்பில் இருக்கும் குழந்தை எதிரிலுள்ள முகத்திலிருந்து எதைக் கற்கும்?

ஆய்வுகள் காட்டும் மாற்று வழி கடினமானதன்று. குழந்தை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். பதிலுக்குக் கூடுதலாகச் சில நொடிகள் காத்திருப்போம். முகத்தைக் காட்டி எதிர்பார்ப்பதை விட்டு, "அம்மாவுக்கு இப்ப வருத்தமா இருக்கு" என்று சொல்லில் சொல்வோம். அடுத்தவர் உணர்ச்சியின் பெயரைக் கேட்கும் முன், "உன் வயிறு எப்படி இருக்கு, நெஞ்சு வேகமா அடிக்குதா?" என்று குழந்தையின் சொந்த உணர்வுக்குப் பெயர் தேட உதவுவோம். தெரியாத மனிதர்களின் கார்டுகளைவிட, பாட்டியின் படத்திலும் பிடித்த கார்ட்டூனிலும் தொடங்குவோம்.

நாமும் படிக்கக் கற்போம். கைகளைப் படபடவென அடித்துக்கொண்டு குதிக்கும் குழந்தையிடம் உவகை இருக்கிறது. காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒடுங்கும் குழந்தையிடம் அச்சம் இருக்கிறது. முகத்தில் தேடினால் அவை கிடைக்காமல் போகலாம்; மெய்யில் இருக்கின்றன. பெற்றோரையும் ஆசிரியரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை குறிப்பேட்டில் 'உணர்ச்சிகளை அடையாளம் காணவில்லை' என்று எழுதும் முன், அந்தக் குழந்தையின் உணர்ச்சிகளில் எத்தனையை நாம் அடையாளம் கண்டோம் என்று எண்ணிப் பாருங்கள்.